காட் போன கவலை

மருமோன், வேலை போட்டுது எண்டு உம்மடை மாமி சொன்னவ. போகட்டும். காங்கேசன்துறைச் சீமெந்துப் பக்டறி 1950இலை புகைக்கத் தொடங்கி 1990இலை மூடுப்பட்டபோது எத்தினை வீட்டு உலை நிண்டது எண்டு கண்ணாலை கண்டவன் நான். வேலை எண்டால் வரும், போகும். அதுக்காக நீர் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தால் எனக்கு விளங்கும். ஆனால் வந்து குந்தின நேரம் தொடக்கம் நீர் கதைக்கிறது வேலையைப் பற்றி இல்லை, காட்டைப் பற்றி. “மாமா, மெடிக்கல் காட்டும் போகப் போகுது. இனி ஒரு வருத்தம் துன்பம் எண்டால் என்ன செய்யிறது?” எண்டு கேக்கிறீர். ஆறு வருசமாய் உம்மடை வாயிலை ‘வருத்தம் வந்தால் என்ன செய்யிறது’ எண்ட கதையே வரேல்லை. சம்பளம் நிக்கப் போகுது எண்டதும்தான் உமக்கு உடம்பு எண்டு ஒண்டு இருக்கிறது ஞாபகம் வந்திருக்கு.

2025 தை 20ஆந் திகதி வோஷிங்டனிலை ஒருத்தர் பதவியேற்ற கையோடை, வெளிநாட்டு உதவியளை நிப்பாட்டி வையுங்கோ எண்டு கையெழுத்து வைச்சார். அந்தக் கையெழுத்து சுழிபுரத்துக்கு வந்து சேர எடுத்த காலத்தைப் பாரும். அந்த உதவிக் காசிலை ஓடின உம்மடை புறொஜெக்ற் இழுபட்டு இழுபட்டு வாற மாதக் கடைசியோடை மூடுப்படுது. அவருக்கு உம்மைத் தெரியாது. உமக்கு அவரோடை கோவிக்க வழி இல்லை. அதுதான் காட்டைக் கையிலை வைச்சுத் தடவிக்கொண்டு இருக்கிறீர்.

எங்கை, அதை ஒருக்கால் தாரும் பாப்பம். நல்ல வழுவழுப்பான காட். ஆறு வருசத்திலை உதாலை என்ன செய்தனீர்? கண்ணாடி மாத்தினீர். ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினீர். போன மாரிக்குக் காய்ச்சல் வர, டெங்குவோ எண்டு பயந்து, பட்டினத்திலை பிறைவேற் ஆஸ்பத்திரி ஏசி றூமிலை மூண்டு நாள் கிடந்தனீர். சேலைன் ஏத்தின கையைப் படம் எடுத்து வட்சப்பிலை போட்டீர். கனடாவிலையிருந்து சனம் வரிசையாய்க் கோல் எடுத்தது. மூண்டாம் நாள், டெங்கு இல்லை எண்டு துண்டு வெட்டி விட்டிட்டாங்கள். அங்கை உம்மைப் பாத்த டொக்குத்தர் ஆர்? காலமை பெரியாஸ்பத்திரி வாட்டிலை ஒரு சதமும் வாங்காமல் சனத்தைப் பாத்துப்போட்டுப் பின்னேரம் அங்கை வந்தவர். கழுத்திலை கிடந்த குழாயும் அதே குழாய்தான். கொம்பனி காசு குடுத்தது குழாய்க்கு இல்லை, கதவுக்கு. ஆக்கள் தட்டிப்போட்டு உள்ளை வாற கதவு.

அதைப் பிழை எண்டு நான் சொல்லேல்லை. கதவும் வேண்டியதுதான். ஆனால் நீர் இப்ப பயப்பிடுறது உடம்புக்கோ கதவுக்கோ எண்டதை முதலிலை பிரிச்சு அறியும். உடம்புக்கு எண்டால் வழி மலிவு. கதவுக்கு எண்டால் பிறீமியம் கூட.

முதல் வேலை. வாற மாதக் கடைசி மட்டும் காட் உயிரோடை இருக்கு. அதுக்கிடையிலை சின்னவளின்ரை கண்ணைக் காட்டும். உம்மடை மற்றக் கடைவாய்ப் பல்லு ஆடுது எண்டு நாலு மாதமாய்ச் சொல்லுறீர், அதையும் பாரும். பேந்து ஒப்பிசிலை எச்.ஆர். பிள்ளையைப் பிடியும். கவர் கடைசி வேலை நாளோடை நிக்குமோ, கொம்பனிக்குக் கட்டின காசு முடியிற திகதி மட்டும் ஓடுமோ? முந்தின பில்லுகளை எத்தினை நாளுக்குள்ளை குடுக்கவேணும்? அதே இன்சூரன்ஸ் கொம்பனி உம்மைத் தனி ஆளாய்த் தொடர விடுமோ? விட்டால், இருக்கிற வருத்தங்களுக்குக் காத்திருக்கிற காலம் திரும்ப முதலிலையிருந்து தொடங்குமோ? மறுமொழியை வாயாலை வாங்காதையும், ஈமெயிலிலை வாங்கும். பிரியாவிடைக்குக் கேக் வெட்டின பிறகு எச்.ஆர். பிள்ளைக்கும் உம்மைத் தெரியாமல் போகும்.

அமெரிக்காவிலை இதுக்கெண்டே ஒரு சட்டம் இருக்கு. 1986இலை வந்தது. வேலை போனாலும் பழைய இன்சூரன்ஸைப் பதினெட்டு மாதம் மட்டும் வைச்சிருக்கலாம். ஆனால் முதலாளி கட்டின பங்கையும் சேத்து முழுக்காசையும் நீர்தான் கட்டவேணும். அதுக்கு மேலை 2 வீதம் நிருவாகச் செலவு. சம்பளம் இல்லாதவனிட்டை 102 வீதம் கேக்கிற சட்டத்துக்குக் கோப்ரா எண்டு பேர் வைச்சிருக்கிறாங்கள். எங்கடை நாட்டிலை அப்பிடி ஒண்டும் இல்லை. வேலை இல்லாக் காலத்துக் காசும் இல்லை. ஆனால் நீர் கவனிக்காத வேறை சிலது இருக்கு.

பணிக்கொடை. பதினைஞ்சு பேரோ கூடவோ வேலை செய்யிற இடத்திலை அஞ்சு வருசம் முடிச்சால், வருசத்துக்கு அரை மாதச் சம்பளம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். உமக்கு ஆறு வருசம், ஆகவே மூண்டு மாதச் சம்பளம். ‘புறொஜெக்ற் ஸ்ராவ் எண்டபடியால் கிடையாது’ எண்டு ஆரும் சொன்னால் தலையாட்டிப்போட்டு வராதையும். தொழில் திணைக்களத்திலை போய்க் கேளும். ஈ.பி.எவ். எண்ட ஊழியர் சேமலாப நிதி, உம்மடை எட்டு வீதமும் அவையின்ரை பன்னிரண்டு வீதமும். அது அம்பத்தைஞ்சு வயசு மட்டும் பூட்டின பெட்டி. பத்து வருசம் கட்டியிருந்தால் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் எடுக்க ஒரு வழி இருக்கு. இந்த வேலைக்கு முன்னம் லீசிங் கொம்பனியிலை நிண்ட காலத்தையும் கூட்டிப் பாரும், வரும். ஈ.ரி.எவ். எண்ட ஊழியர் நம்பிக்கை நிதி, மூண்டு வீதம் முதலாளி கட்டினது. அதை வேலை விட்டதும் எடுக்கலாம், ஆனால் அஞ்சு வருசத்துக்கு ஒருக்கால்தான். காசு கைக்கு வர முன்னமே அதாலை முன் விறாந்தைக்கு மாபிள் போடுறது எண்டு கதை நடக்குதாம். மாபிளிலை வழுக்கி விழுந்தால் ஆஸ்பத்திரிக்கு என்னத்தாலை கட்டுவீர்? அந்தக் காசிலை பாதியை நிலையான வைப்பிலை போட்டு, புத்தகத்தை மனுசியிட்டைக் குடும். இன்னொண்டு. ஈ.ரி.எவ். எண்டால் விலகேக்கை எடுக்கிற காசு மட்டும் இல்லை. வேலையிலை இருக்கிற அங்கத்தவருக்கு இருதய ஒப்பரேசன், கண்ணுக்கு லென்ஸ், சிறுநீரக மாற்று எண்டால் உதவி இருக்கு. ஆறு வருசம் அதுவும் உம்மடை பேரிலை சும்மா கிடந்தது. நாளைக்கு நீர் சொந்தமாய் ஒரு தொழில் தொடங்கினால் நீராய் அதிலை சேரலாம். 

இனி யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரி. மூக்கைச் சுழிக்காமல் கேளும். 1850இலை டைக் துரை எண்ட ஏசெண்டர் தொடக்கிவைச்ச ஆஸ்பத்திரி அது. அந்தத் துரை செத்து எத்தினையோ காலம். பேந்து 1951 தொடக்கம் நாடு முழுக்க அரச ஆஸ்பத்திரியிலை காசு வாங்கிறதில்லை எண்டாச்சு. இடையிலை 1971இலை ஓ.பீ.டீ. துண்டுக்கு இருபத்தைஞ்சு சதம் வைச்சாங்கள், எழுபத்தேழிலை அதையும் எடுத்திட்டாங்கள். ஆருக்கெண்டாலும் அப்பிடித்தான். வேலை இருக்கோ எண்டு அங்கை ஒருத்தரும் கேக்கமாட்டினம். இந்த நாட்டிலை வாட்டிலை கிடக்கிற நூறு பேரிலை தொண்ணூறுக்கு மேலை அரச ஆஸ்பத்திரியிலைதான் கிடக்கினம். நீர் மட்டும் பிறந்த நாள் தொடக்கம் இன்சூரன்ஸோடை வளந்த பிள்ளை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறீர். நீர் பிறந்ததே மூண்டாம் நம்பர் வாட்டிலை. பில் வந்ததோ எண்டு கொம்மாவைக் கேட்டுப் பாரும்.

அம்புலன்சுக்கு 1990. அந்த இலக்கத்தை வீட்டுச் சுவரிலை எழுதி ஒட்டும். எங்கடை வயசுக்காரருக்கு 1990 எண்டால் மயிலிட்டி, காங்கேசன்துறைச் சனம் பெட்டி படுக்கையோடை வெளிக்கிட்ட வருசம். இப்ப அந்த இலக்கத்துக்கு அடிச்சால் அம்புலன்ஸ் வருது. 2016இலை இந்தியாக் காசிலை தெற்கிலையும் மேற்கிலையும் தொடங்கினது, 2018 ஆடியிலை யாழ்ப்பாணத்துக்கு வந்தது. காசு இல்லை. கான்சர் எண்டால் தெல்லிப்பழை. முந்தி மகரகமவுக்குப் பஸ் ஏறிச் செத்த சனம் எத்தினை! 2011இலை தெற்கிலை தேவேந்திரமுனையிலை வெளிக்கிட்டுப் பருத்தித்துறை மட்டும் கால்நடையாய் நடந்து காசு சேத்து அந்த ஆஸ்பத்திரியைக் கட்டப் பாடுபட்டவை எங்கடை ஊர் ஆக்கள் மட்டும் இல்லை, சிங்களச் சனமும் சேந்துதான். அவை அவ்வளவு தூரம் நடந்தினம். உமக்குச் சந்தியிலையிருந்து ஓ.பீ.டீ. மட்டும் நடக்கக் கால் நோகுது.

இருந்தாலும் உள்ளதைச் சொல்லவேணும். இலவசம் எண்டால் எல்லாம் இலவசம் இல்லை. விடிய நாலு மணிக்குப் போய்க் கொப்பியை அடுக்கவேணும். ஸ்கானுக்குத் திகதி போட்டால், அந்தத் திகதிக்கிடையிலை வருத்தம் மாறியும் போகும், ஆளே மாறியும் போகும். 2022இலை டொலர் இல்லாமல் நாடு கவிண்ட நேரம், ‘மருந்து இல்லை, வெளியிலை வாங்குங்கோ’ எண்டு எழுதின துண்டுகளோடை சனம் பாமசி பாமசியாய்த் திரிஞ்சதை நீர் கண்டனீர். இப்பவும் சில மருந்து அப்பிடித்தான். ரத்தப் பரிசோதினை வெளியிலை, ஸ்கான் வெளியிலை, நிக்கிற ஆளுக்குச் சாப்பாடு, ஓட்டோக் காசு, தோட்டம் பாக்காமல் விட்ட நாளுக்கு நட்டம். உடம்புக்கு அரசாங்கம் பாக்கும். உடம்பைச் சுத்தி இருக்கிறதுக்கு நீர்தான் பாக்கவேணும். உமக்கு இன்சூரன்ஸ் வேண்டி இருக்கிறது அந்த இடைவெளிக்கு. இந்த இடைவெளியை அளந்துபோட்டு அதுக்குச் சரியான துணி வாங்கும். முழு வீட்டையும் போத்த வெளிக்கிடாதையும்.

பெரிய ஒப்பரேசன் எண்டு வந்தால் ஜனாதிபதி நிதியம் இருக்கு. இருதயம், சிறுநீரகம், கான்சர் எண்டால் வருமானத்தைப் பாத்து உதவி குடுப்பினம். முந்தி அதுக்குக் கொழும்புக்கு ஓடவேணும். 2025 தொடக்கம் பிரதேச செயலகத்திலையே குடுக்கலாம், எங்களுக்குச் சங்கானை. ஒப்பரேசனுக்கு முன்னமே போய்க் கேளும். முடிஞ்ச பிறகு பில்லைக் கொண்டுபோய் அழுதால் அழுகைதான் மிச்சம்.

உம்மோடை படிச்ச பெடியன் ஒண்டு ரையும் கட்டிக்கொண்டு ரெண்டு தரம் வந்து போட்டானாம். நல்ல பெடியன். அவன் பொலிசி சொல்லுறது, கலியாணத் தரகர் குறிப்புக் கொண்டு வந்து மாப்பிள்ளை சொல்லுற மாதிரி. மாப்பிள்ளை லண்டன், நிறம் இருக்கு, உயரம் இருக்கு, குடி இல்லை. எல்லாம் முதல் பக்கத்திலை. எட்டிலை செவ்வாய் கடைசிப் பக்கத்திலை. முதல் பக்கத்தை அவன் வாசிக்கட்டும், கேட்டுக்கொண்டு தேத்தண்ணி குடும். கடைசிப் பக்கத்தை நீர் வாசியும். இங்கிலிசிலை இருக்கும். ‘தமிழிலை தா’ எண்டு கேளும். இல்லை எண்டால், ஒவ்வொரு வரியையும் தமிழிலை சொல்லிப்போட்டு அதிலை கையெழுத்து வைக்கச் சொல்லும். அப்ப பாரும், பெடியனுக்கு அவசரமாய் வேறை வீட்டை போக இருக்கும்.

அங்கை என்ன இருக்கும்? எடுத்த முதல் மாதம் விபத்தைத் தவிர ஒண்டுக்கும் காசு இல்லை எண்டு இருக்கும். ஏற்கெனவே இருக்கிற வருத்தத்துக்கு வருசக் கணக்கிலை பொறுக்கவேணும், இல்லாட்டில் ஒருக்காலும் இல்லை எண்டு இருக்கும். பிள்ளைப்பேறு, பல்லு வெளியிலை. றூம் வாடகைக்கு ஒரு உச்சம், டொக்குத்தர் காசுக்கு ஒரு உச்சம். பத்து லச்சம் எண்டு பெரிசாய் அச்சடிச்சது வருசம் முழுக்கக் குடும்பம் எல்லாருக்கும் சேத்தோ, தனித்தனியோ எண்டு சின்ன எழுத்திலை இருக்கும். கொப்பர் கொம்மாவைச் சேர்க்கிறன் எண்டு நினைச்சிருந்தால் வயசு எல்லை எண்டு ஒரு வரி இருக்கும், அதிலை அவை ரெண்டுபேரும் வெளியிலை நிப்பினம். எல்லாத்திலும் பெரிய செவ்வாய் வேறை. எங்கடை நாட்டிலை பல கொம்பனியள் ஆஸ்பத்திரிக் கவரைத் தனிய விக்கிறதில்லை, ஆயுள் காப்புறுதியின்ரை வாலிலை ஒட்டித்தான் விக்கினம். மாதம் மாதம் நீர் கட்டுற காசிலை பெரும்பங்கு ஆயுளுக்குப் போகும். வேலை இல்லாதவர் நாலு மாதம் கட்டுவார், அஞ்சாம் மாதம் விடுவார். ஆயுள் விழ வாலும் விழும். கட்டினதும் போகும். ஆகவே வருசத்துக்கு ஒருக்கால் கட்டி முடிக்கிற தனி ஆஸ்பத்திரிப் பொலிசி வைச்சிருக்கிற பொதுக் காப்புறுதிக் கொம்பனி எது எண்டு விசாரியும். பணிக்கொடை வாற கையோடை ஒரேயடியாய்க் கட்டிவிடலாம்.

இன்னொரு வகை இருக்கு. வாட்டிலை படுத்தால் நாளுக்கு இவ்வளவு எண்டு காசு தாறது. பில் கேக்கமாட்டினம், படுத்ததுக்கு அத்தாட்சி கேப்பினம். இதிலைதான் கெட்டித்தனம் இருக்கு. அரச ஆஸ்பத்திரியிலை படுத்தாலும் தருவியளோ எண்டு கேளும். சிலது தரும், சிலது அரச ஆஸ்பத்திரி எண்டால் கூடவும் தரும். ஏனெண்டால் பிறைவேற் பில்லோடை பாத்தால் அது அவைக்கு லாபம். உமக்கும் லாபம். ஓசியிலை படுத்து, ஓசி மருந்து குடிச்சு, துண்டு வெட்டேக்கை தாற டயக்னோசிஸ் காட்டைப் பவுத்திரமாய்க் கொண்டுவந்து குடுத்தால், ஸ்கானுக்கும் ஓட்டோவுக்கும் மனுசியின்ரை கன்ரீன் சாப்பாட்டுக்கும் காசு வரும். பிறீமியமும் குறைவு. ஏசி இல்லை. விசிறி ஒண்டு சுத்தும், அதுவும் பக்கத்துக் கட்டில் பக்கம்.

போம் நிரப்பேக்கை ஒண்டு. ‘சீனி வருத்தம் உண்டோ?’ எண்ட கட்டத்திலை ‘இல்லை’ எண்டு கீறப் போறீர், உம்மடை முழியிலை தெரியுது. பெடியனும் ‘மச்சான், உதைப் போடத் தேவையில்லை’ எண்டு சொல்லுவான். பிளேன் ரீக்குப் பனங்கட்டி கடிக்கிறதை நீர் விட்டதைச் சந்தியிலை எல்லாரும் அறிவினம். கொம்பனி மட்டும் அறியாமல் இருக்குமோ? காசு கட்டேக்கை ஒருத்தரும் தேடமாட்டினம். கிளெயிம் போட்டால் கிளினிக் கொப்பி மட்டும் தேடிப் பிடிப்பினம். மறைச்சது தெரிஞ்சால் காலுக்குக் கட்டுப்போட்ட காசும் வராது. உள்ளதை எழுதும். கூடக் கேட்டால் கூடக் கட்டும், இல்லாட்டில் அந்த ஒரு வருத்தத்தை விட்டிட்டு மற்றதுக்கு எடும். நியாயமில்லாமல் மறுத்தால் முறையிடக் கொழும்பிலை காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். உண்மை எழுதினவைதான் அங்கை போகலாம்.

எங்கடை சனத்தின்ரை பெரிய இன்சூரன்ஸ் கொம்பனி கனடாவிலை, ஸ்காபரோவிலை இருக்கு எண்டு எனக்குத் தெரியாமல் இல்லை. அதுக்கும் பிறீமியம் கட்டுறீர். கொண்ணர் நடுச்சாமத்திலை கோல் எடுத்து, தான் விட்டிட்டுப் போன வளவிலை ஆர் வேலி அரக்கினது எண்டு கேட்டால் நித்திரைத் தூக்கத்திலை மறுமொழி சொல்லுறீர். அவர் அனுப்பின சேட்டைப் போட்டுப் படம் அனுப்புறீர். அவற்றை அரசியலுக்கு ஓம் போடுறீர். இது எல்லாம் பிறீமியம்தான். கிளெயிம் எண்டால் வொயிஸ் மெசேச்சிலை குரல் கொஞ்சம் தளதளக்க வேணும். ரெண்டு நாள் பொறுத்துக் காசு வரும். ஆனால் அதை ஒருக்கால் எடுத்தால், பத்து வருசத்துக்கு ஒவ்வொரு கலியாண வீட்டிலையும் ஆரோ ஒருத்தர் ‘உவருக்கு ஒப்பரேசன் செய்விச்சது ஆரெண்டு தெரியுமே’ எண்டு தொடங்குவினம். அதோடை ஒண்டை யோசியும். ஒன்ராறியோவிலை டொக்குத்தரும் ஆஸ்பத்திரியும் அரசாங்கம். பல்லுக்கும் பாமசி மருந்துக்கும் கொண்ணரும் வேலையிடத்துக் காட்டைத்தான் நீட்டுறார். அவற்றை பக்டறி மூடினால் அவரும் உம்மைப் போலை குந்தியிருந்து தடவவேண்டியதுதான். ஆகவே அந்தக் கொம்பனியை உயிர்போற விசயத்துக்கு வைச்சிரும். கடைவாய்ப் பல்லுக்கு எடுக்காதையும்.

எனக்கு உந்த விசயத்திலை விளங்காத ஒண்டு இருக்கு. எங்கடை ஊரிலை மரணாதாரச் சங்கத்துக்கு மாதச் சந்தா கட்டாத வீடு இருக்கோ? பந்தல், கதிரை, பறை, பாடை எல்லாத்துக்கும் ஒழுங்கு. செத்தால் என்ன நடக்கும் எண்டு எங்கடை சனத்துக்கு ஒரு பயமும் இல்லை, எல்லாம் கட்டியாச்சு. சாகாமல் கிடந்தால் என்ன செய்யிறது எண்டதுக்குத்தான் ஒரு சதமும் கட்டேல்லை. அதே சங்கம் அதே சந்தாவிலை பத்து ரூபா கூட்டி, அங்கத்தவர் ஒருத்தர் வாட்டிலை கிடந்தால் நாளுக்கு ஒரு தொகை குடுக்க ஏலாதோ? போன பொதுக்கூட்டத்திலை கேட்டன். ‘அப்பிடியெண்டால் எல்லாரும் போய்ப் படுத்திடுவினம்’ எண்டார் செயலாளர். செத்தால் மட்டும்தான் எங்கடை சனம் ஏமாத்தாது எண்டு அவருக்கு நம்பிக்கை.

செயலாளருக்குப் பக்கத்து ஊர் மறந்துபோச்சு. 1930களிலை, இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருத்தரும் படலை திறவாத காலத்திலை, மூளாயிலை சனம் கூட்டுறவாய்ச் சேந்து பங்குக்காசு போட்டு ஒரு ஆஸ்பத்திரி கட்டினது. இலங்கையிலை முதல் கூட்டுறவு ஆஸ்பத்திரி அது. இலவச வைத்தியம் வர எத்தினையோ வருசத்துக்கு முன்னம். தோட்டக்காரன், வாத்தியார், கடைக்காரன் எல்லாரும் அங்கத்தவர். ஒருத்தனுக்கு வருத்தம் வந்தால் ஊரின்ரை காசிலை ஊரின்ரை டொக்குத்தர் பாப்பார். லாபம் எடுக்க நடுவிலை ஒரு கொம்பனி இல்லை, ரையும் இல்லை. சண்டையளுக்குள்ளாலை அடிபட்டு எழும்பி இண்டைக்கும் அந்த ஆஸ்பத்திரி இருக்கு. நீர் அதைத் தாண்டித்தான் மோட்டச்சைக்கிளிலை பட்டினத்துப் பிறைவேற்றுக்குப் போறீர். அங்கை கட்டணம் என்ன, அங்கத்தவர் ஆகலாமோ எண்டு ஒரு நாள் நிப்பாட்டிக் கேட்டனீரோ?

சரி, உம்மை இவ்வளவு நேரம் வைச்சுக் கதைச்சதுக்கு ஒரு காரணம் இருக்கு. பெடியன் தந்த போமிலை ‘வாழ்க்கைத்துணையின் தொழில்’ எண்டு ஒரு கட்டம். நீர் என்ன எழுதினீர்? ‘ஆசிரியை’. எழுதிப்போட்டு அடுத்த கட்டத்துக்குப் போட்டீர். அங்கைதான் நிண்டிருக்கவேணும். மனுசியின்ரை சம்பளத் துண்டை எப்பவெண்டாலும் பாத்தனீரோ? கடைசியிலை கைக்கு வாற தொகையைப் பாத்திருப்பீர். அதுக்கு மேலை கழிவுகள் எண்டு ஒரு வரிசை இருக்கு. அதிலை ஒரு சின்னக் கழிவு, அக்ரஹார எண்டு பேர். அரச ஊழியருக்கான மருத்துவக் காப்புறுதி. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தாலை வந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துறது. ஆஸ்பத்திரிச் செலவு, ஒப்பரேசன், பிள்ளைப்பேறு எண்டு ஒவ்வொண்டுக்கும் ஒரு எல்லைக்குள்ளை தருவினம். கூடக் கழிக்கச் சம்மதிச்சால் எல்லையும் கூடும். ரீச்சருக்கு மட்டும் இல்லை மருமோன். ரீச்சரின்ரை பிள்ளையளுக்கும் உண்டு, ரீச்சரின்ரை புருசனுக்கும் உண்டு.

வாயை மூடும். இலையான் போகப் போகுது.

கலியாணம் பேசேக்கை, ‘ரீச்சர் பொம்பிளைதான் வேணும்’ எண்டு கொப்பர் செருப்புத் தேய நடந்தவர். சீதனத்திலை வீடு எழுதிச்சினம், வளவு எழுதிச்சினம், நகை எழுதிச்சினம். அக்ரஹாரவை எழுத மறந்திட்டினம், அதாலை நீரும் கேக்க மறந்திட்டீர். இப்ப உமக்கு முகம் கறுக்குது. மனுசியின்ரை காட்டிலை போய் ஆஸ்பத்திரியிலை படுக்கிறதோ எண்டு யோசிக்கிறீர். மனுசியின்ரை சம்பளத்திலை சோறு தின்ன உமக்கு இனி மாதக் கணக்கிலை வெக்கம் வராது, சேலைன் ஏத்தத்தான் வெக்கம் வருமோ? தாலிக்கொடியை அடைவு வைக்கிறதிலும் இது மரியாதையான வழி. நாளைக்கே அவவைக் கேளும். உம்மடை பேரும் பிள்ளையளின்ரை பேரும் பதிஞ்சிருக்கோ, எந்தத் திட்டத்திலை கழிக்கினம், கிளெயிம் போம் வலயக் கல்விக் கந்தோரிலை ஆரிட்டை குடுக்கிறது, எத்தினை நாளுக்குள்ளை குடுக்கிறது எண்டு எல்லாத்தையும் ஒரு கொப்பியிலை எழுதும். அவ சிரிச்சால் சிரிக்க விடும். ஆறு வருசமாய் உம்மடை காட்டைப் பற்றிய புழுகைக் கேட்டவ அவ.

உம்மோடை நிண்ட மற்றப் பெடியள் எல்லாரும் ரீச்சர்மாரைக் கட்டேல்லை. அவைக்கும் சொல்லும். நாள்காசுப் பொலிசி ஒண்டு, வைப்பிலை கொஞ்சக் காசு, தொழில் தொடங்கினவுடனை ஈ.ரி.எவ். காணும். நீரும் உந்த ரை கட்டின பெடியனை வெறுங்கையோடை அனுப்பாதையும், அவனுக்கும் மாதக் குறி இருக்கும். அந்த நாள்காசை அவனிட்டையே எடும். ஆனால் கடைசிப் பக்கத்தை என்னட்டைக் கொண்டுவந்து காட்டிப்போட்டு எடும்.

திங்கக்கிழமை எனக்குக் கிளினிக். பிறெசர், சீனி, கொலஸ்ரோல், மூண்டுக்கும் ஒரே கொப்பி. மூடப் போற ஒப்பிசுக்கு ஒரு நாள் லீவு போட்டால் ஒண்டும் குறையாதுதானே. நாலரைக்கு மோட்டச்சைக்கிளைக் கொண்டு வாரும். நான் பின்னாலை இருக்கிறன், நீர் முன்னாலை போய்க் கொப்பியை அடுக்கும். பெற்றோலுக்குக் காசு கேக்காதையும், இவ்வளவு நேரம் சொன்னதுக்கு நான் சனலிங் காசு கேக்கேல்லை.